வாளின் கீழ் ஒரு கலிமா: யூத வரலாற்றில் உயிர்த்தியாகம்



மக்கத்து வாழ்வின் கடும் சோதனை நாட்கள் அவை. கஅபாவின் நிழலில் தம் போர்வையைத் தலையணையாக்கிச் சாய்ந்திருந்த அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் கப்பாப் (ரலி) அவர்கள் வந்து, எங்களுக்காக இறைவனிடம் உதவி தேடக் கூடாதா என்று முறையிட்டார்கள். அதற்கு நபியவர்கள் முன்சென்ற சமுதாயத்தாரை நினைவூட்டினார்கள். அவர்களில் ஒருவர் குழியில் நிறுத்தப்பட்டு ரம்பத்தால் இரு கூறாக அறுக்கப்பட்டதையும், இரும்புச் சீப்புகளால் எலும்பிலிருந்து சதை கோதி எடுக்கப்பட்டதையும், அதுவும் அவர்களை மார்க்கத்திலிருந்து திருப்பவில்லை என்பதையும் எடுத்துரைத்தார்கள். புகாரியில் இடம்பெற்றுள்ள இந்த ஹதீஸை நாம் மிம்பர்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம்.

யார் அந்த முன்னோர்? ஹதீஸ் பெயர் கூறவில்லை. நாமும் கற்பனையாகப் பெயர் சூட்ட வேண்டாம். ஆயினும் பனூ இஸ்ராயீல்களின் ஏடுகளைப் புரட்டினால் அந்த ரம்பமும் அந்தச் சீப்பும் அங்கே காணக் கிடைக்கின்றன. ஷஅயா (அலை) அவர்களை மனாஸே என்னும் மன்னன் கொல்லத் துணிந்தபோது கேதார மரம் ஒன்று அவர்களைத் தன்னுள் மறைத்துக்கொண்டதாகவும், மரத்தோடு சேர்த்து அறுக்கப்பட்டதாகவும் தல்மூத் கூறுகிறது. இரும்புச் சீப்போ ரப்பி அகீபாவின் வரலாற்றில் வருகிறது.

யூதர் என்றதும் நபிமார்களைக் கொன்ற கூட்டம் என்ற நினைவே நம்மில் பலருக்கு முதலில் எழும். திருமறை அக்குற்றத்தைக் கண்டிக்கிறது என்பது உண்மை. கொல்லப்பட்ட நபிமார்களும் அதே சமுதாயத்தில் தோன்றியவர்களே என்பதும், வேதக்காரர் அனைவரையும் ஒரே தட்டில் வைக்கலாகாது என்று அதே திருமறை (3:113) அறிவுறுத்துவதும் உண்மை. ஃபலஸ்தீன மண்ணில் நடக்கும் அநீதி நம் நெஞ்சில் நெருப்பாக எரிகிறது. அந்த நெருப்பு ஈராயிரம் ஆண்டு வரலாற்றைப் படிக்கும் கண்ணை மறைத்துவிடக் கூடாது என்றே இதனை எழுதுகிறேன்.

ஒரே சொல்

கி.பி. 132 முதல் 135 வரை ரோமப் பேரரசன் ஹத்ரியானுக்கு எதிராக யூதர்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி இரத்த வெள்ளத்தில் ஒடுக்கப்பட்டது. தவ்ராத்தைக் கற்பிப்பதே மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. முதுமை எய்தியிருந்த அகீபா அத்தடையை மதியாமல் மக்களைக் கூட்டிப் பாடம் நடத்தினார்; பிடிபட்டார். அவரைக் கொலைக்களத்திற்குக் கொண்டுவந்த நேரம், இறைவனின் ஏகத்துவத்தைச் சாற்றும் 'ஷெமா'வை ஓதும் நேரமாக இருந்தது. இரும்புச் சீப்புகள் அவர் உடலைக் கிழிக்க, அவரோ ஓதத் தொடங்கினார். இந்த நிலையிலுமா என்று மாணவர்கள் பதறினர். உயிர் முழுவதையும் தந்து இறைவனை நேசிக்க வேண்டும் என்ற கட்டளையை நிறைவேற்றும் வாய்ப்பு எப்போது வரும் என வாழ்நாளெல்லாம் ஏங்கியிருந்ததாக அவர் விடையளித்தார் என்கிறது தல்மூத். ஷெமாவின் முதல் வசனம் 'எஹாத்' என்ற சொல்லில் முடியும். 'ஒருவன்' என்பது பொருள். அச்சொல்லை நீட்டி ஓதிக்கொண்டிருக்கையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

எஹாத், அஹத். ஹீப்ருவும் அரபியும் உடன்பிறந்த மொழிகள், ஒரே சொல்தான். சுடுமணலில் கிடத்தப்பட்டு, மார்பின் மீது பாறை ஏற்றப்பட்ட பிலால் (ரலி) அவர்களின் நாவில் 'அஹத், அஹத்' என்று ஒலித்தது என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இத்தகைய மரணத்திற்கு யூத மரபு இட்ட பெயர் 'கித்தூஷ் ஹஷேம்', அதாவது திருநாமத்தைப் புனிதப்படுத்துதல். அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களுள் ஒன்றான 'அல்குத்தூஸ்' பிறந்த அதே வேர்ச்சொல்லிலிருந்தே 'கித்தூஷ்' என்பதும் பிறந்தது. நாம் 'ஷஹீத்', சாட்சியாளர், என்கிறோம். அவர்கள் அவ்வாறு மாண்டவர்களை 'கெதோஷிம்', புனிதர்கள், என்கின்றனர்.

அதே காலத்தில் கொல்லப்பட்ட மற்றொருவர் ரப்பி ஹனீனா பென் தெரத்யோன். தவ்ராத் சுருளையே அவர் உடலில் சுற்றித் தீ மூட்டினார்கள். விரைவில் உயிர் போய்விடாதிருக்க நெஞ்சின் மீது நனைத்த கம்பளி வைக்கப்பட்டது. என்ன காண்கிறீர்கள் என்று மாணவர்கள் கேட்டபோது, தோல் எரிகிறது, எழுத்துகளோ மேலே பறக்கின்றன என்றாராம். வாயைத் திறந்து தீயை உள்வாங்கினால் வேதனை சுருங்குமே என்று அவர்கள் மன்றாடினர். உயிரைத் தந்தவனே அதை எடுத்துக்கொள்ளட்டும், மனிதன் தன்னைத் தானே அழித்துக்கொள்ளலாகாது என்று மறுத்தார். கொலையாளியே மனம் நெகிழ்ந்து அக்கம்பளியை அகற்ற முன்வந்தபோது மட்டும் இசைந்தார். தீயின் நடுவில் நிற்கும்போதும் தற்கொலை ஹராம் என்ற எல்லையை அம்மனிதர் மறக்கவில்லை.

எதற்காக உயிரைத் தருவது?

இனிமேல்தான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி வருகிறது. இத்தகைய வீர வரலாறுகளைப் போற்றிய அதே அறிஞர்கள், எதற்கெடுத்தாலும் உயிரை விடு என்று தம் மக்களிடம் சொல்லவில்லை.

இவ்விவாதம் பழையது. கி.மு. 167 அளவில் சிரியாவின் கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் யூத மார்க்கத்தைத் தடைசெய்தான். பன்றி இறைச்சி உண்ண மறுத்ததால் ஏழு மகன்கள் ஒருவர்பின் ஒருவராகத் தாயின் கண்முன்னே வதைத்துக் கொல்லப்பட்டதும், இறுதியில் அத்தாயும் மாண்டதும் மக்கபேயர் இரண்டாம் நூலில் பதிவாகியுள்ளன. மக்கபேயர் முதல் நூல் கூறும் நிகழ்ச்சியோ வேறு வகையானது. குகைகளில் ஒளிந்திருந்த சுமார் 1,000 பேர் சனிக்கிழமையன்று தாக்கப்பட்டனர். சப்பாத் நாளின் புனிதம் கெடும் என்று அவர்கள் ஒரு கல்லைக்கூட எறியவில்லை, அனைவரும் மடிந்தனர். செய்தி கேட்ட மத்ததியாவும் தோழர்களும் அழுதார்கள். அழுதுவிட்டு, இனி சப்பாத்தில் தாக்கினால் நாம் எதிர்த்துப் போரிடுவோம், இல்லையேல் பூமியில் ஒருவரும் எஞ்சமாட்டோம் என்று முடிவெடுத்தார்கள்.

பிற்காலத்தில், ரோமர் கொடுமையின் நிழலில், லோத் என்னும் ஊரில் ஒரு வீட்டு மாடியில் அறிஞர்கள் கூடி வாக்கெடுத்தனர். (தஜ்ஜால் கொல்லப்படும் இடமாக ஹதீஸில் வரும் 'லுத்து' இவ்வூர்தான்.) மரண அச்சுறுத்தலின் கீழ் எந்தக் கட்டளையையும் மீறி உயிரைக் காத்துக்கொள்ளலாம், சிலை வணக்கம், தகாத உறவு, கொலை ஆகிய மூன்றுக்கு மட்டும் உயிரைக் கொடுத்தாலும் இணங்கலாகாது என்று தீர்ப்பாயிற்று. கட்டளைகள் வாழ்வதற்கே தரப்பட்டன, சாவதற்கல்ல என்பது அதன் அடிப்படை. இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. மார்க்கத்தையே வேரறுக்க அரசு முனையும் காலத்தில், அல்லது பத்து யூதர் முன்னிலையில் பகிரங்கமாக, செருப்பு வாரைக் கட்டும் வழக்கம் போன்ற அற்பமான ஒன்றை மாற்றச் சொன்னாலும் பணியலாகாது.

மஸாதாவைக் குறித்தும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சாக்கடல் ஓரத்து அக்கோட்டையில் கி.பி. 73 அல்லது 74இல் ரோமரிடம் சிக்காதிருக்க 960 பேர் தங்களைத் தாங்களே மாய்த்துக்கொண்டதாகவும், இரு பெண்களும் ஐந்து குழந்தைகளுமே தப்பியதாகவும் வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ் எழுதினார். இருபதாம் நூற்றாண்டு ஸியோனிஸம் இக்கதையைத் தேசியச் சின்னமாக்கியது. இஸ்ரேலியக் கவசப் படையினர் ஒரு காலத்தில் அங்கே உறுதிமொழி ஏற்றார்கள். ஆனால் அகீபாவையும் ஹனீனாவையும் உருக்கமாக விவரிக்கும் தல்மூத் மஸாதாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அம்மௌனத்தை மறதி என்று மட்டும் கொள்ள என் மனம் இடந்தரவில்லை.

ரைன் நதிக்கரையில்

1095ஆம் ஆண்டு நவம்பரில் போப் இரண்டாம் அர்பன் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தார். எருசலேமுக்குப் புறப்பட்ட கும்பல்களில் சில, தொலைவிலுள்ள எதிரியைத் தேடிப் போகுமுன் அருகிலுள்ள யூதரைத் தீர்த்துக்கட்டுவோம் என்று ஜெர்மனியின் ரைன் நதிக்கரை நகரங்களில் புகுந்தன. 1096 மே மாதத்தில் ஸ்பையர் நகரில் ஆயர் குறுக்கே நின்றதால் மாண்டோர் 11 பேரோடு நின்றது. வோர்ம்ஸில் 800 பேர் அளவிலும், மைன்ஸில் 1,000 பேருக்கு மேலும் மாண்டனர் என்று ஹீப்ரு ஏடுகள் கணக்கிடுகின்றன. ஞானஸ்நானம், இல்லையேல் மரணம் என்பதே அவர்கள் முன் வைக்கப்பட்ட தேர்வு.

அங்கே நடந்ததை எழுதவே கை கூசுகிறது. பகைவர் கதவை உடைக்குமுன் தந்தையர் தம் மக்களையும், தாயர் தம் சேய்களையும் தம் கையாலேயே அறுத்தனர். பலியிடுகையில் ஓதும் வாசகத்தை ஓதி, இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் மகனைப் பலியிடத் துணிந்ததை நினைவுகூர்ந்து இதனைச் செய்தனர். அங்கே ஆடு இறங்கியது. இங்கே இறங்கவில்லை.

அவர்களைத் தியாகிகளாகவே அச்சமுதாயம் நினைவில் வைத்திருக்கிறது. அவர்களுக்காக இயற்றப்பட்ட இறைஞ்சுதல் இன்றும் யூத ஆலயங்களில் ஓதப்படுகிறது. லோத் நகரத் தீர்ப்பில் சொந்தக் குழந்தையைக் கொல்ல அனுமதி எங்கே இருக்கிறது என்ற கேள்வியும் அவர்களுக்குள்ளேயே எழாமலில்லை. அந்நாட்டு விரிவுரை ஒன்றில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. மதமாற்றக் கொடுமை ஒன்றின்போது ஒரு ரப்பி பல குழந்தைகளை அறுத்தார். உடனிருந்த மற்றொரு ரப்பி கொதித்தெழுந்து அவரைக் கொலைகாரன் என்றார். அறுத்தவர் செவிசாய்க்கவில்லை, பின்னர் அவரும் பகைவர் கையில் கோரமாக மாண்டார். அதன்பின் அரச ஆணை திரும்பப் பெறப்பட்டது. அறுக்காதிருந்தால் அக்குழந்தைகள் பிழைத்திருப்பார்கள் என்று முடிக்கிறது அவ்விரிவுரை. அது வெறும் கற்பனையான எதிர்பார்ப்பல்ல. 1096இல் கட்டாய ஞானஸ்நானம் பெற்றவர்கள் தம் மார்க்கத்திற்குத் திரும்ப, பேரரசன் நான்காம் ஹென்றி 1097இல் அனுமதி அளித்தான்.

20ஆம் நூற்றாண்டின் நாஜிகளோ இக்கேள்விக்கே இடம் வைக்கவில்லை. அவர்கள் யூதனிடம் மார்க்கத்தைக் கேட்கவில்லை. உயிரை மட்டுமே கேட்டார்கள். மதம் மாறியவனையும் மாறாதவனையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். மாண்டோர் சுமார் 60 லட்சம் பேர்.

நம் வீட்டுக் கதை

இதுவரை பிறருடைய குற்றங்களைக் கண்டோம். துன்புறுத்தப்பட்ட சமுதாயம் துன்புறுத்துவதும் உண்டு. கி.பி. 523இல் நஜ்ரான் கிறிஸ்தவர்களை யூதத்தைத் தழுவிய யமன் மன்னன் தூ நுவாஸ் கொன்று குவித்தான். அல்புரூஜ் அத்தியாயம் சபிக்கும் நெருப்புக் குண்டத்தார் அவனுடைய கூட்டமே என்று விரிவுரையாளர் பலர் கூறுகின்றனர். அதைச் சுட்டிக்காட்டும் நமக்கு, நம் பெயரைத் தாங்கியவர்கள் செய்ததையும் சொல்லும் கடமை உண்டல்லவா?

இப்னு தூமர்த்தைப் பின்பற்றிய முவஹ்ஹிதூன்கள் 12ஆம் நூற்றாண்டில் மக்ரிபையும் அந்தலுஸையும் வென்றார்கள். 1130 முதல் 1163 வரை அவர்களை ஆண்ட அப்துல் முஃமின் 1146இல் ஃபாஸையும், 1147இல் மராக்கிஷையும் பிடித்தார்; 1148இல் குர்துபா அவர்கள் வசமாயிற்று. வேதக்காரருக்கு ஷரீஅத் வழங்கிய திம்மி பாதுகாப்பை அவர்கள் பறித்தார்கள். பழைய ஃபுஸ்தாத் யூத ஆலயத்து ஏட்டறையில் கிடைத்த 1148ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று ஸிஜில்மாஸா நகரில் நடந்ததைச் சொல்கிறது. ஏழு மாத காலம் பேசிப் பார்த்தார்கள். பிறகு இஸ்லாம் அல்லது வாள் என்றார்கள். 150 பேர் மாண்டனர். எஞ்சியோர் வாயளவில் கலிமா சொன்னார்கள். அவ்வூர் யூத நீதிபதியே அவ்வாறு சொன்னவர்களில் முதல்வர்.

குர்துபாவில் 1138 அளவில் பிறந்த மூஸா இப்னு மைமூனின் குடும்பம் இக்கொடுமையால் ஊர் ஊராக அலைந்து 1160 அளவில் ஃபாஸில் தங்கியது. அவ்வேளையில் வெளியூர் யூத அறிஞர் ஒருவர் கடுமையான தீர்ப்பொன்று வழங்கியிருந்தார். நிர்ப்பந்தத்தால் கலிமா சொன்னவன், இரகசியமாகத் தவ்ராத்தைப் பேணினாலும், யூதனே அல்லன். அவன் தொழுகையும் பாவமே. அவன் செத்திருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பு. வாளின் கீழ் வாழ்ந்த மக்கள் இதைக் கேட்டு நொறுங்கிப் போனார்கள்.

அதற்கு மறுப்பாக இப்னு மைமூன் ஒரு மடல் எழுதினார். (அது அவருடையதல்ல என்பாரும் உளர், பெரும்பாலோர் அவருடையதென்றே கொள்வர்.) தீயவனின் சிறு நன்மைக்கும் கூலி தருகிற இறைவன், நிர்ப்பந்திக்கப்பட்டவனின் இரகசியத் தொழுகையை வீணாக்குவானா என்று கேட்டார். இவர்கள் கேட்பது ஒரு சொல்லை மட்டுமே. செயல் எதையும் கட்டாயப்படுத்தவில்லை. நாம் மனதார அதைச் சொல்லவில்லை என்பது அவர்களுக்கே தெரியும் என்று வாதிட்டார். சொல்ல மறுத்து உயிர் துறந்தவர் திருநாமத்தைப் புனிதப்படுத்தியவர், அவருக்கு மகத்தான கூலி உண்டு. ஆனால் நான் சாகட்டுமா, சொல்லட்டுமா என்று ஒருவர் வந்து கேட்டால், சொல்லிவிடு, சாகாதே என்றே விடையளிப்போம். சொல்லிவிட்டு அங்கேயே தங்கிவிடாதே. வீட்டையும் பொருளையும் விட்டு, மார்க்கத்தைப் பகிரங்கமாகப் பேணக்கூடிய நாட்டிற்குப் புறப்பட்டுவிடு. இதுவே அம்மடலின் கருத்து.

இதைப் படிக்கும்போது அம்மார் (ரலி) அவர்கள் உங்கள் நினைவுக்கு வரவில்லையா? அவர்களின் பெற்றோரான யாஸிர் (ரலி), சுமய்யா (ரலி) இருவரும் இணங்காமல் ஷஹீதானார்கள். வேதனை தாளாத மகனோ, காஃபிர்கள் கேட்டதைச் சொல்லிவிட்டு அழுதுகொண்டே நபியவர்களிடம் வந்தார்கள். உள்ளம் எப்படி இருக்கிறது என்று மட்டுமே நபியவர்கள் கேட்டார்கள். ஈமானில் நிம்மதியாக இருக்கிறது என்றதும், அவர்கள் மீண்டும் வதைத்தால் நீயும் மீண்டும் சொல் என்றார்கள். 16:106 வசனம் இது குறித்தே இறங்கியது என்பது முஃபஸ்ஸிர்களின் கூற்று. பிலால் (ரலி) அவர்கள் உறுதியின் வழியையும், அம்மார் (ரலி) அவர்கள் சலுகையின் வழியையும் காட்டினார்கள். சமுதாயம் இருவரையும் தலைமேல் வைத்துப் போற்றுகிறது. அல்லாஹ்வின் பூமி விசாலமாக இருக்கவில்லையா என்ற கருத்தில் 4:97 எழுப்பும் கேள்வியையே, யூத மார்க்கத்துக்குள் நின்று இப்னு மைமூனும் எழுப்பியிருக்கிறார். வேதனை என்னவென்றால், அவர் மக்ரிபில் அக்கேள்வியை எழுப்ப நேர்ந்தது நம் கலிமாவை வாளோடு ஏந்தியவர்களால்.

மார்க்கத்தில் வற்புறுத்தலுக்கு இடமில்லை என்று 2:256 அறிவித்திருக்க, அந்நிர்ப்பந்தம் விளைத்த பயன்தான் என்ன? முவஹ்ஹித் சுல்தான் அபூ யூசுஃப் யஃகூப் (1184–1199) தம் ஆட்சியின் இறுதிக் காலத்தில், மதம் மாறிய யூதர்கள் தனி உடை அணிய வேண்டும் என்று ஆணையிட்டார். அவர்கள் உண்மையான முஸ்லிம்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மக்களோடு கலக்க விட்டுவிடுவேன், காஃபிர்கள் என்று உறுதியானால் ஆண்களைக் கொன்றுவிடுவேன், எனக்கோ ஐயமாக இருக்கிறது என்று அவர் கூறியதாக வரலாற்றாசிரியர் அப்துல் வாஹித் அல்மர்ராகுஷீ எழுதுகிறார். அவர்கள் நம் பள்ளிகளில் தொழுகிறார்கள், பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறார்கள், உள்ளத்தில் இருப்பதை அல்லாஹ்வே அறிவான் என்றும் அவர் குறிக்கிறார். தொழ வந்தவனைச் சந்தேகத்தோடு பார்க்கும் பள்ளிவாசல்! வாள் பெற்றுத் தந்தது அதைத்தான்.

இப்னு மைமூன் தாம் எழுதியபடியே நடந்தார். 1165இல் கப்பலேறி அக்கா வந்து, பைத்துல் முகத்தஸைக் கண்டு, எகிப்தின் ஃபுஸ்தாத்தில் குடியேறினார். ஒரு முஸ்லிம் ஆட்சியிடமிருந்து தப்பியவர் மற்றொரு முஸ்லிம் ஆட்சியில் அடைக்கலம் பெற்று, பகிரங்கமாக யூதராக வாழ்ந்தார். தம் சமுதாயத்தின் தலைவராகவும், அய்யூபி அரசவையின் மருத்துவராகவும் உயர்ந்தார். அங்கே எழுதிய சட்டத்தொகுப்பிலும் அவர் தம் நிலையில் உறுதியாக நின்றார்: மீறி வாழலாம் என்ற சட்டம் உள்ள இடத்தில் ஒருவன் வலிந்து உயிரை விட்டால், அவ்வுயிருக்கு அவனே பொறுப்பாளி. ரைன் நதிக்கரை வழிவந்தோரில் பலர் இதை ஏற்கவில்லை. இரு கருத்துகளும் யூத மரபில் இன்றுவரை அருகருகே நிற்கின்றன.

அவருடைய இறுதிக் காலத்தில் ஒரு சோதனை வந்தது. அதைப் பதிவு செய்தவர், இப்னு மைமூனின் மாணவருக்கு நெருங்கிய நண்பரான முஸ்லிம் வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தீ (1172–1248). அந்தலுஸிலிருந்து அபுல் அரப் என்னும் ஃபகீஹ் ஒருவர் ஃபுஸ்தாத் வந்தார். இப்னு மைமூனை அடையாளம் கண்டு, இவர் அங்கே இஸ்லாத்தை ஏற்றவர், இப்போது முர்தத்தாகிவிட்டார் என்று குற்றம் சாட்டினார். முர்தத் என்ற தீர்ப்பின் விளைவு என்னவென்பது யாவரும் அறிந்ததே. (அவர் உண்மையிலேயே கலிமா சொல்லியிருந்தாரா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் இரு பிரிவாக உள்ளனர்.) விவகாரம் காழி அல்ஃபாழில் அவர்களிடம் போயிற்று. சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் வலக்கரமாக விளங்கிய அமைச்சர் அவர். இப்னு மைமூன் எதைச் சொன்னார், எதைச் சொல்லவில்லை என்ற ஆராய்ச்சிக்குள்ளேயே அவர் இறங்கவில்லை. நிர்ப்பந்திக்கப்பட்டவரின் இஸ்லாம் ஷரீஅத்தில் செல்லாது என்று கூறி வழக்கை முடித்தார்.

மூஸா இப்னு மைமூன் 1204 டிசம்பரில், தம் வீட்டில், தம் மார்க்கத்தில் இறந்தார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய கடிதம் ஒன்றில் அவர் தம் அன்றாடத்தை விவரித்திருக்கிறார். காலையில் கெய்ரோ சென்று அரசவையில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, பசியோடு ஃபுஸ்தாத் திரும்புவார். வீட்டு முற்றத்தில் யூதரும் அல்லாதாருமாக, பெரியோரும் எளியோருமாக மக்கள் காத்திருப்பார்கள். அவர்களிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி, அன்றைய ஒரே வேளை உணவை அவசரமாக உண்டுவிட்டு, இரவு வரை அவர்களுக்கு மருந்து எழுதிக்கொண்டிருப்பார்.